பக்கத்து மேசைக்கு உண்டு, எனக்கு இல்லை: சலுகைப் பிணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. கிராண்ட்பாஸில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் களஞ்சியத்தில் இருப்புக் கணக்குப் பார்க்கிறார். ஆறு ஆண்டுகளாக அதே கதிரை, அதே வேலை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அவரைப் போல 22 பேர். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்பவர் நிரந்தர ஊழியர். அவருக்குக் குடும்பத்தோடு சேர்த்து மருத்துவக் காப்புறுதி, டிசம்பரில் போனஸ், பண்டிகை முற்பணம் எல்லாம் உண்டு. கடந்த ஜூனில் இருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் டெங்குக் காய்ச்சல். ஒருவர் காப்புறுதி அட்டையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்தார். மற்றவர் மனைவியின் வளையலை அடகு வைத்தார். முகாமையாளரிடம் கேட்டபோது, “அது நிறுவனத்தின் விருப்பம், சட்டத்தில் இல்லை” என்று பதில் வந்ததாம். இப்போது பக்கத்து மேசைக்காரரோடும் பேச்சு இல்லை. வழக்குப் போடலாமா, வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு இப்போதே போகலாமா என்று கேட்கிறார்.

கொழும்பில் தனியார் நிறுவனங்களின் ஆளணிப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். இப்படிப்பட்ட கடிதங்களுக்குப் பதில் எழுதும் மேசையில் இருந்தேன். பிறகு அவற்றை எழுதுபவர்களுக்கு உதவும் பக்கம் வந்தேன். அதனால் நேராகவே சொல்கிறேன். முகாமையாளர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறுக்கப் போய்த்தான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகிறார்கள். மறு பாதியைப் பிடித்துக்கொண்டால் வழி திறக்கும்.

மருத்துவக் காப்புறுதி, போனஸ், பண்டிகை முற்பணம், குறைந்த வட்டிக் கடன் ஆகியவற்றைத் தனியார் முதலாளி கொடுத்தே தீர வேண்டும் என்று இலங்கையில் எந்தப் பொதுச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சட்டம் கட்டாயமாக்கிய வேறு சில இருக்கின்றன. அவற்றில் நிரந்தரம், ஒப்பந்தம், தற்காலிகம் என்ற பேதம் கிடையாது. என் அனுபவத்தில், காப்புறுதியில் ஓரவஞ்சனை செய்யும் இடத்தில் அந்தக் கட்டாயக் கொடுப்பனவுகளிலும் அநேகமாக ஏதோ ஒரு குறை இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், தம்பி. காப்புறுதி அதற்குப் பிறகு.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து மேசையில் வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் தனியாக 3 சதவீதம் செலுத்த வேண்டும்; அதை உங்கள் சம்பளத்தில் வெட்ட முடியாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமும் இவற்றைச் சொல்கின்றன. நாட்கூலிக்கு வருபவருக்கும், பயிலுநருக்கும், தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது பொருந்தும். “நிரந்தரமான பிறகு போடுவோம்” என்று யாராவது சொல்லியிருந்தால், அது சட்டத்துக்கு முரணான பேச்சு.

அடுத்து, அந்தச் சதவீதங்களை எந்தத் தொகையின் மேல் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். மோசடி அதிகமாக ஒளிந்திருப்பது இங்கேதான். ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். மாதச் சம்பளம் மொத்தம் 60,000 ரூபா. சீட்டில் அடிப்படைச் சம்பளம் 30,000, மீதி 30,000 ஏதோ ஒரு கொடுப்பனவின் பெயரில் இருக்கிறது. நிதிக்கு அடிப்படையின் மேல் மட்டும் கட்டுகிறார்கள். சட்டம் பேசுவதோ அடிப்படைச் சம்பளத்தைப் பற்றி மட்டும் அல்ல. வாழ்க்கைச் செலவுப் படியும் அதை ஒத்த கொடுப்பனவுகளும், விடுமுறை நாட்களுக்குரிய சம்பளமும், உணவுக்கான கொடுப்பனவும் சேர்ந்ததுதான் நிதிக்குரிய உழைப்பு வருமானம். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. அந்த 30,000மும் உண்மையில் மாதாமாதம் வரும் நிலையான படிதான் என்று வைத்துக்கொண்டால், முதலாளி மாதத்துக்குச் சேமலாப நிதியில் 3,600 ரூபாவும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் 900 ரூபாவும் குறைவாகக் கட்டியிருக்கிறார். ஆறு ஆண்டுகளில் அது 3,24,000 ரூபா. நீங்கள் அடகு வைத்த வளையலின் கதை ஒரு தடவை நடந்தது. இது 72 மாதங்களாக, ஓசை இல்லாமல் நடந்துகொண்டிருக்கலாம்.

பணிக்கொடையும் அப்படியே. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு சேவை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. வேலை முடிந்த 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நிறுவனங்களில் சிலவற்றின் கண் இந்த ஐந்து ஆண்டின் மேல்தான் இருக்கும். இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் ஒரு நாளோ இரண்டு நாளோ இடைவெளி விட்டு, “ஒவ்வொரு முறையும் புது ஆள்” என்று காட்டப் பார்ப்பார்கள். தொழில் நியாய சபையின் முன் இது எல்லா வேளையிலும் எடுபடும் என்றில்லை. காகிதத்தின் தலைப்பைவிட வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதைப் பார்க்கும் இடம் அது. எனவே அந்த ஆறு ஒப்பந்தங்களின் பிரதிகளும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த இடைவெளி நாட்களில் நீங்கள் களஞ்சியத்தில் நின்றதற்கு வரவுப் பதிவோ, நீங்கள் கையெழுத்திட்ட பொருள் ஏற்புச் சீட்டோ, அனுப்பிய மின்னஞ்சலோ இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

விடுமுறையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் முழு ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் ஒப்பந்தக்காரருக்கும் உண்டு. உங்கள் 22 பேரில் பெண்கள் இருந்தால் அவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: முன்பு மூன்றாவது பிள்ளைப்பேற்றுக்கு 42 நாட்களாகக் குறைந்துவந்த மகப்பேற்று விடுமுறை, 2018இல் கொண்டுவந்த திருத்தங்களோடு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்று சமமாக்கப்பட்டுவிட்டது. இன்னும் பழைய கணக்கைச் சொல்லும் அலுவலர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலருக்குச் சட்டம் மாறியதே தெரியாது.

இனி காப்புறுதிக்கும் போனஸுக்கும் வருவோம். சட்டம் கட்டாயப்படுத்தாதது என்பதால் கேட்கவே முடியாது என்று பொருளில்லை. முகாமையாளரின் பதிலில் விடுபட்டுப்போன மறு பாதி இதுதான். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், வேலை நிபந்தனைகள் பற்றி முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையே எழும் எந்தக் கருத்து வேறுபாட்டையும் பிணக்காக ஏற்றுக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா இல்லையா என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. தொழில் ஆணையாளர் இரு தரப்பையும் கூப்பிட்டு இணக்கம் காண முயலலாம். அது சரிவராவிட்டால் அமைச்சர் பிணக்கை நடுத்தீர்ப்பாளரிடமோ கைத்தொழில் நீதிமன்றத்திடமோ அனுப்பலாம். நடுத்தீர்ப்பாளரின் கையில் இருக்கும் அளவுகோல் “நியாயமும் ஒப்புரவும்” என்பது. ஒரே வேலை, ஒரே மேசை, ஆறு ஆண்டு என்ற மூன்றும் அந்த அளவுகோலின் முன் கனமானவை. ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: அமைச்சர் அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அனுப்பினாலும் காலம் எடுக்கும். ஆனாலும் நாரஹேன்பிட்டித் தொழில் செயலகத்திலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் போனால், அதுவரை திறக்காத கதவு திறப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் நிறுவனம் ஏதாவது ஒரு தொழிற்சங்கத்தோடு கூட்டு உடன்படிக்கை செய்து, அது வர்த்தமானியில் வெளிவந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், அதே தொழிலில் அந்த முதலாளியிடம் வேலை செய்யும், சங்கத்தில் இல்லாத மற்ற ஊழியர்களுக்கும் அந்த உடன்படிக்கையில் உள்ளவற்றைவிடக் குறையாத நிபந்தனைகளை அவர் கடைப்பிடிக்க வேண்டும். உடன்படிக்கையிலேயே அதற்கு மாறாக எழுதியிருந்தால் மட்டும் விலக்கு. பக்கத்து மேசைக்காரரின் போனஸ் ஒரு கூட்டு உடன்படிக்கையிலிருந்து வந்ததென்றால், உங்கள் கோரிக்கை அப்போதே சட்டப்படியான உரிமையாக மாறிவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க அந்த நிரந்தர ஊழியரின் நியமனக் கடிதத்தை ஒரு தடவை வாசித்தாலே போதும். உடன்படிக்கை இருந்தால் அநேகமாக அதைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாரும் சமம் என்கிறதே, உயர் நீதிமன்றம் போகலாமே என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அந்தப் பாதை ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களுக்கு எதிரானது. அரசுக் கூட்டுத்தாபனம், திணைக்களம், மாநகர சபை போன்ற இடத்தில் வேலை செய்பவருக்குப் பயன்படும். அங்கும் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. தனியார் இறக்குமதி நிறுவனத்துக்கு இது பொருந்தாது. சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் சமவாயத்தை இலங்கை 1993இலும், வேலையில் பாகுபாடு பற்றிய 111ஆம் சமவாயத்தை 1998இலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவற்றைக் காட்டித் தனியார் முதலாளியை நேரடியாக நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. இது ஒரு பெரிய ஓட்டை. இத்தனை ஆண்டுகளாகியும் அது அடைபடாமல் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

தொழில் நியாய சபைக்கு இப்போதே போகலாமா என்றும் கேட்டீர்கள். தனி ஊழியர் அங்கே போவது வேலை முடிவுக்கு வந்த பிறகுதான். அதற்கும் ஆறு மாதக் கெடு உண்டு. ஆகவே ஆத்திரத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். தானாக விலகியவர், “என்னைத் துரத்தினார்கள்” என்று பிறகு நிரூபிப்பது மிகவும் கடினம்.

சட்டத்தை விட்டுவிட்டு, என் நெஞ்சில் இன்னும் கிடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை செய்த ஓரிடத்தில் அலுவலகத்தாருக்கு மதிய உணவுச் சீட்டு கொடுப்பார்கள். இளமஞ்சள் நிறத்தில், ஓரத்தில் துளையிட்ட சிறு புத்தகம். மாதத்துக்கு 22 சீட்டு. களஞ்சியத்தாருக்கு இல்லை. அவர்கள் கூட்டாக ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் “இந்தப் பாகுபாட்டை உடனடியாக நிறுத்த வேண்டும்” என்று ஒரு வரி இருந்தது. நிருவாகம் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் முதல் ஒருவருக்கும் சீட்டு இல்லை என்று சுற்றறிக்கை வந்தது, சமத்துவம் கருதி என்ற சொற்களோடு. அதைத் தட்டச்சுக்குக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அலுவலகத்தாரும் களஞ்சியத்தாரும் ஒரே தேநீர்க் கேத்தலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கோபப்பட வேண்டிய இடம் மேல் மாடியில் இருக்க, இரு பக்கமும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் வேறாக இருந்திருந்தால் என்று இன்றும் நினைப்பேன்.

எனவே உங்கள் கடிதத்தில் “பாகுபாடு”, “நிறுத்த வேண்டும்” என்ற சொற்கள் வேண்டாம். “எங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதுங்கள். இப்படித் தொடங்கலாம்: “இருப்புக் கணக்குப் பிரிவில் 22 பேர் ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றுகிறோம். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில், வரும் புதுப்பிப்பிலிருந்து எங்களையும் எங்கள் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொள்ளுமாறு கோருகிறோம்.” அதன் கீழே ஒவ்வொருவரின் பெயர், சேர்ந்த தேதி, வயது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை. குழுக் காப்புறுதியின் கட்டணம் ஆட்களின் எண்ணிக்கையையும் வயதையும் வைத்துத்தான் வரும். ஆளணிப் பிரிவுக்காரர் காப்புறுதி நிறுவனத்திடம் விலை கேட்க வேண்டுமென்றால் இந்த அட்டவணைதான் வேண்டும். அது இல்லாத கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். இருந்தால் ஒரு மின்னஞ்சலில் விலை கேட்டுவிடலாம். கேட்டபின் தொகை கண்முன் வந்துவிடும். “முடியாது” என்று சொல்வது அப்போது சற்றுச் சிரமம்.

எல்லா வேறுபாடும் அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். முகாமையாளருக்கு எரிபொருள் கொடுப்பனவு இருக்கிறது, எனக்கு இல்லை என்பது வழக்கல்ல. அவருடைய வேலை வேறு. பத்து ஆண்டு இருந்தவருக்குக் கூடுதல் போனஸ் என்பதிலும் ஒரு நியாயம் உண்டு. வேறுபாடு வேலையைப் பின்பற்றுகிறதா, அல்லது காகிதத்தில் உள்ள ஒரு சொல்லைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். டெங்கு நுளம்பு கடிக்கும்போது நிரந்தரம், ஒப்பந்தம் என்று பார்ப்பதில்லை. மருத்துவக் காப்புறுதியில் இந்தப் பேதம் காட்டுவதை எந்த ஆளணி அதிகாரியும் என் முகத்தைப் பார்த்து நியாயப்படுத்தியதில்லை. எல்லாரும் செலவைப் பற்றித்தான் பேசினார்கள். அதனால் முதலில் காப்புறுதியை மட்டும் கேளுங்கள், போனஸை அடுத்த சுற்றுக்கு வையுங்கள் என்பது என் அபிப்பிராயம். பண்டிகை முற்பணம் அவர்களுக்குச் செலவே இல்லாதது, சம்பளத்தில் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அதைக் கூடவே கேட்டுவிடலாம். கேட்கும்போது சித்திரைப் புத்தாண்டுக்கு மட்டும் என்றில்லாமல் தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் என்று அவரவர் தெரிவு செய்யும்படி கேளுங்கள். கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் எல்லாரும் இருப்பார்கள்தானே.

பயம் இருக்கும். “ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் பொய்யானது அல்ல. தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஏற்கெனவே உள்ள சங்கத்தில் கிளையாகச் சேர்வது இன்னும் எளிது. 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்த பிரிவின்படி, சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலை நீக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை, குற்றம். ஒரு சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்த ஊழியரில் 40 சதவீதத்தினர் அதில் உறுப்பினராக இருந்தால், அதனோடு பேச மறுப்பதும் அப்படியே. 22 பேரில் 20 பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்குப் பிறகு ஒருவரை மட்டும் புதுப்பிக்காமல் விட்டால், அதற்குக் காரணம் என்ன என்று கேட்கும் இடத்தில் நிறுவனம் பதில் சொல்ல வேண்டிவரும்.

நிருவாகத்துக்குக் கடிதம் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ நாரஹேன்பிட்டியிலோ முறைப்பாடு கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே இரண்டு முறைப்பாடுகளாகப் பிரித்துக் கொடுங்கள்: சேமலாப நிதியில் குறை இருந்தால் அது ஒன்று, காப்புறுதி பற்றிய பிணக்கு இன்னொன்று. ஒன்றாகக் கலந்தால், எளிதில் நிரூபிக்கக்கூடிய முதலாவதும் நீண்டு இழுபடும் இரண்டாவதின் பின்னால் மாட்டிக்கொள்ளும். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழி. தமிழில் எழுதிய முறைப்பாட்டுக்குத் தமிழில் பதில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தெரிந்த சிங்களத்தில் தட்டுத்தடுமாறி எழுதி, “இடைவெளி” என்று நினைத்து “விலகினேன்” என்று எழுதிக்கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லைத் திருத்தவே அவருக்கு மூன்று தவணை போனது.

கடைசியாக, நீங்கள் பேசாமல் இருக்கும் அந்தப் பக்கத்து மேசைக்காரர். இன்று காலையே அவரிடம் போங்கள். பிள்ளைக்கு இப்போது எப்படி என்று கேளுங்கள், அவரும் ஜூனில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்தான். பிறகு அவருடைய நியமனக் கடிதத்தையும், காப்புறுதித் திட்டப் புத்தகத்தையும் ஒரு பிரதி எடுக்கத் தருவாரா என்று கேளுங்கள். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் காப்புறுதிக் காலம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இருக்கும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் கடிதம் ஆளணிப் பிரிவின் மேசையில் இருக்க வேண்டும். புதுப்பித்த மறு வாரம் கேட்டால், “அடுத்த வருடம் பார்ப்போம்” என்பார்கள்.